‘அவிய’ என்றொரு குதிரைவாலி ரகம்

ஒரே ஒரு சொல்லைத் திருத்துவதற்காகக் கடந்த தை மாதம் சென்னையிலிருந்து விளாத்திகுளம் பக்கம் போய் வந்தேன். விதைகளின் மரபணு வரிசையைப் படித்துப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுவது என் வேலை. அந்தத் தளத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று எங்கே ஏற்றினாலும் மூன்று இடத்துக்காரர்களும் தினமும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வார்கள். நான் ஏற்றிய தப்பும் அப்படித்தான் ஊர் சுற்றியது.

மூன்று வருடம் முன்பு அங்கே ஒரு கிராமத்தில் வேலம்மாள் என்ற விவசாயியிடம் குதிரைவாலி விதை வாங்கினேன். என்ன ரகம் என்று கேட்டதற்கு “அவிய வெத” என்றார். உறையில் ‘ரகம்: அவிய’ என்று எழுதினேன். அதோடு விட்டேனா? குறிப்புப் பெட்டியில் ‘அவித்து உண்ண ஏற்ற ரகமாக இருக்கலாம்’ என்று என் மேதாவித்தனத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டேன். நான் வேலூர்க்காரி. மார்கழியில் எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்த தூத்துக்குடிப் பையன் பதிவைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “அக்கா, அவியன்னா ‘அவங்க’ன்னு அர்த்தம். வீட்டுக்காரரச் சொல்லிருக்காவ.” அதற்குள் இரண்டு வெளிநாட்டுக் குழுக்கள் ‘அவிய’ ரகத்தைத் தங்கள் ஆய்வில் எடுத்தாண்டிருந்தன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏற்றியவர்தான் திருத்த முடியும், அதையும் இந்த முறை நேரில் கேட்டுத் திருத்த வேண்டும் என்பதால் நானே கிளம்பினேன்.

கோவில்பட்டியில் ரயில் காலை 6.40க்கு இறக்கிவிட்டது. இட்லி, காபி 65 ரூபாய். 7.30க்கு எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் பஸ். சுமார் 37 கி.மீ., ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 35 ரூபாய். இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், காலை வெயில் வலப்பக்கம் அடிக்கும். இருபுறமும் பருத்தி, மிளகாய், இடையிடையே சீமைக்கருவேலங்காடு. விளாத்திகுளத்திலிருந்து கிராமத்துக்கு 9 கி.மீ., ஆட்டோ 250 ரூபாய்.

“வேலம்மான்னா யாரு, கிடை ஆடு வச்சிருக்காவளே, அவியளா?” என்று டிரைவர் கேட்டார். அந்தச் சொல்லை இந்த முறை சரியாகப் புரிந்துகொண்டேன். “ஆமா அண்ணாச்சி, அவியதான்” என்றேன்.

“நேத்து மழ பெஞ்சிருக்கு மேடம், ஊருக்குள்ள வண்டி போவாது. அங்கன வேப்பமரத்துகிட்ட எறக்கிவிடுதேன், நடந்துருங்க.”

அரை கிலோமீட்டர்தான். ஆனால் கரிசல் மண் ஷூவில் அப்பி காலுக்கு ஒரு கிலோ கூடிவிட்டது. இதற்கு ரப்பர் செருப்புதான் சரி.

வேலம்மாள் அக்கா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்து சிரித்தார். நடந்ததைச் சொன்னதும் அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. “அவியள அவிச்சுத் திங்கலாம்னா எழுதிப்போட்டீங்க?”

“அவரையும் பாக்கலாம்னு வந்தேங்க்கா. விதை எங்கிருந்து வந்ததுன்னு கேக்கணும்.”

“அவிய போயி ரெண்டு வருசமாச்சு.”

அவரே தொடர்ந்தார். “அவிய அக்கா வீடு புதியம்புத்தூர் பக்கம். மழ இல்லாத வருசம் எங்களுக்கு வெத இல்லாமப் போச்சு. அங்கன இருந்து ஒரு படி கொண்டாந்தாவ. பேரெல்லாம் கெடையாது, குதிரவாலின்னா குதிரவாலிதான்.”

ரகத்தின் இடத்தில் ‘பெயரில்லாத நாட்டு விதை’ என்று மாற்றிவிடுகிறேன் என்றேன். அக்காவின் கை நின்றது.

“அப்போ அவியள அதுல இருந்து எடுத்துருவீங்களா?”

நான் அழிக்க வந்தது அவருக்கு வெறும் தப்பாக இருக்கவில்லை. குறிப்புப் பெட்டியில் விதையைக் கொண்டுவந்தவர் பெயரை எழுதலாம், உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள், பரவாயில்லையா என்று கேட்டேன்.

“பாக்கட்டும்.”

“பேரு என்னக்கா?”

அக்கா உள்ளே போய் ஒரு வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்து, பெயருக்கு அடியில் விரலை வைத்தார். “இங்கன இருக்கு. பாத்து எழுதிக்கிடுங்க.” கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னதே இல்லையாம். அவர் சம்மதித்தது அந்தப் பதிவுக்கு மட்டும்தான், அதனால் பெயரை இங்கே எழுதவில்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்குள் ஊர் சேருங்கள், அதற்குப் பிறகு எல்லோரும் வயல்காட்டில் இருப்பார்கள். திரும்பும் ஆட்டோவை முன்பே பேசி வையுங்கள். விதையின் பெயரைக் கேட்டு எழுதியபின் அதே ஊரில் இன்னொருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். தெரியாத இடத்தை ஊகித்து நிரப்பாமல் காலியாக விடுங்கள். பதிவைத் திருத்தினாலும், ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்களின் பிரதியில் பழைய சொல் அப்படியே கிடக்கும். அந்த இரண்டு குழுக்களுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். ஒருவர்தான் பதில் போட்டார்.

பத்தாம் நாள் திருத்தம் தளத்தில் வந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன். வாசிக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போய்ப் பெயரையும் வாசித்து முடித்தேன்.

“அந்தப் பேர மட்டும் இன்னொருக்க வாசிங்க” என்றார்.