குளிக்காதவனுக்கு பஜ்ஜி கிடையாது

பசி வந்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் பசி இன்னும் கூடும். என்னோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியதற்காக என் மனைவிக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று என் அக்கா சொல்லுவாள். அப்பேர்ப்பட்ட நான், போன சீசனில், குற்றாலத்தில் ஒரு பஜ்ஜி வண்டிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உடம்பெல்லாம் எண்ணெயோடு, இடுப்பில் ஒரு துண்டோடு, ஒரு வாய் தின்னக் கிடைக்காமல் நின்றேன். நினைத்தால் இப்போதும் பாதி ஆத்திரம், பாதி சிரிப்பு.

வண்டி வேறு யாருடையதும் இல்லை, அக்காவுடையதுதான். அன்றைக்குத்தான் முதல் நாள்.

அக்கா பதினெட்டு வருஷம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் சமையல்கட்டில் வேலை பார்த்தவள். சமைத்ததைச் சுவரில் இருக்கும் ஒரு சதுர ஓட்டை வழியாகத் தள்ளிவிட வேண்டும். அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துக் காலித் தட்டு வரும், அவ்வளவுதான்.

"ஏலே, இத்தனை வருசமா ஆக்கிப் போடுதேன், ஒருத்தன் திங்கத நான் கண்ணால பாத்ததில்ல" என்பாள். "ருசிச்சுத் திங்கானா, விதியேன்னு திங்கானா, எனக்கு எப்படிலே தெரியும்?"

அதைச் சொல்லிச் சொல்லியே ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, தள்ளுவண்டி ஒன்றை வாங்கிவிட்டாள். லாட்ஜ்காரர் நல்ல மனுஷன். சரிப்படவில்லை என்றால் திரும்பி வந்துவிடு, உன் அடுப்பு அப்படியே இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார். அதுதான் எனக்குப் பயம். முந்தின நாள் மிளகாய் வாங்கப் போகும்போது அக்கா என்னிடம் சொன்னாள்: "மொத நாள் எப்படியோ அப்படித்தான் எல்லாம். நாளைக்குப் போட்ட மாவு மிஞ்சிச்சுன்னா, வண்டியைக் கவுத்துப் போட்டுட்டுப் பழைய இடத்துக்கே போயிருவேன். பெறகு நீ எதுவும் பேசப்பிடாது." அவள் சொன்னால் செய்கிறவள். அத்தானே அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குத் தென்காசியிலிருந்து பைக்கில் போய்விட்டேன். நல்ல சாரல். மலையே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து அருவிக்குப் போகிற வழியில், நாங்கள் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தி, மேலே தார்ப்பாய் கட்டினோம். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். விரல் நீளத்துக்கு பஜ்ஜி மிளகாய், கீறி உள்ளே புளியும் உப்பும் தடவியது. சீவிய வாழைக்காய். ஓமம் போட்டுக் கரைத்த கடலை மாவு. அம்மியில் அரைத்தது போலவே கொரகொரவென்று தேங்காய்ச் சட்னி. எனக்கு நாக்கில் ஊறிவிட்டது. மிளகாய்ப் பக்கம் கையை நீட்டினேன். அரிகரண்டியாலேயே கையில் ஒன்று போட்டாள்.

"போணி உன் கையாலதான். அதுக்குத்தான் உன்னைய வரச்சொன்னது. ஆனா குளிச்சிட்டு வா. குளிக்காதவன் கையில நான் போணி பண்ண மாட்டேன். தலையைக் காட்டிட்டுப் பத்து நிமிசத்துல ஓடியா."

இது எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டாத விஷயம். குற்றாலத்தில் யாரும் தின்றுவிட்டு அருவியில் நிற்க மாட்டார்கள். வயிற்றைப் புரட்டிவிடும். முதலில் குளியல், அப்புறம் உலகத்தில் இல்லாத ஒரு பசி, அப்புறம் கண்ணில் பட்டதையெல்லாம் தின்பது. இந்த வரிசை மாறாது.

பத்து நிமிஷத்தில் வந்திருக்க வேண்டியவன்தான் நான். அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் மறித்தார்.

"அண்ணாச்சி, இந்தச் சாரலுக்கு எண்ணெ தேய்க்காமக் குளிக்கலாமா? உடம்பு என்ன பாவம் செஞ்சிது?"

என் உடம்பு எந்தப் பாவமும் செய்யவில்லை என்று எனக்கும் தோன்றியது. பலகையில் குப்புறப் படுத்தேன். அந்த மனுஷன் கையா அது! முதுகில் தாளம் போட்டு, கழுத்தை முறித்து, உள்ளங்கால் வரைக்கும் நல்லெண்ணெயை இறக்கினார். நடுவில் நான் தூங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். எழுந்து பார்த்தால் முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நான்கு எட்டு வைத்திருப்பேன், விசில் சத்தம்.

மெயின் அருவியில் தண்ணீர் செங்காவி நிறத்தில், பாதுகாப்பு வளைவுக்கு மேலே விழுந்து இடித்துக்கொண்டிருந்தது. குளிக்க இறங்கியவர்களையெல்லாம் வெளியே விரட்டிவிட்டு, ஒரு பெண் போலீஸ் மைக்கில் சொன்னார்: "யாரும் உள்ள போகாதீங்க. தண்ணி கொறைஞ்ச பெறகு நாங்களே சொல்லுதோம்." பழைய குற்றாலம், ஐந்தருவி எல்லாவற்றிலும் இதே கதை என்று பக்கத்தில் நின்றவர் போனைப் பார்த்துச் சொன்னார்.

சுற்றிப் பார்த்தேன். ஐந்நூறு பேராவது இருக்கும், அத்தனை பேரும் எண்ணெயில் பளபளவென்று நிற்கிறார்கள். துணி மாட்ட முடியாது. பஸ் ஏற முடியாது. காதைப் பிளக்கிற மாதிரி தண்ணீர் கொட்டுகிறது, தலைக்கு ஊற்ற ஒரு குவளை இல்லை. குளிக்காமல் தின்னவும் முடியாது.

வண்டிக்குத் திரும்பினேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தாள்.

"என்னலே இது?"

"அருவியை அடைச்சிட்டாங்கக்கா."

"பத்து நிமிசத்துல வான்னுல்லா சொன்னேன். எண்ணெ தேய்க்கவா உன்னைய அனுப்புனேன்?"

"நடந்தது நடந்துபோச்சு. பரவால்ல, ஒண்ணே ஒண்ணு போடு. போணி பண்ணிருவோம்."

"மாட்டேன்."

"அக்கா, பசிக்குது."

"பசிக்கட்டும். மொதப் போணி எண்ணெத் தலையோட ஒருத்தனுக்குக் குடுத்தேன்னா விளங்கும்!"

கோபத்தில் எனக்குக் காது சூடேறியது. ஆனால் யார் மேல் கோபப்பட? தப்பு என்னுடையது. அந்தப் பலகையில் படுக்காமல் இருந்திருந்தால், விசிலுக்கு அரை மணி நேரம் முன்பே குளித்து, தின்று, ஏப்பமும் விட்டிருப்பேன்.

எட்டரை ஆனது, ஒன்பதரை ஆனது. கூட்டம் வண்டியைத் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. எல்லோரும் மிளகாயைப் பார்த்தார்கள், மூக்கை விரித்தார்கள். "குளிச்சிட்டு வாரோம் ஆச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். அக்கா அடுப்பைக் கூட்டினாள், குறைத்தாள். மாவைக் கலக்கி மூடினாள். வாழைக்காய்ச் சீவல் ஓரத்தில் கறுக்க ஆரம்பித்தது. கறுத்ததையெல்லாம் பொறுக்கி அடியில் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் தள்ளுவதையும் நிறுத்திவிட்டாள்.

"அடுப்பை அணைச்சிரட்டுமாலே?" என்று கேட்டாள். சத்தமில்லாமல் கேட்டாள். அக்கா என்னைத் திட்டினால் தாங்குவேன், இதை என்னால் தாங்க முடியவில்லை.

"கால் மணி நேரம் பொறு" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பைக்கை எடுத்து வீட்டுக்குப் போகலாம் என்றால் அதைச் சுற்றி மூன்று வேன் நிற்கிறது. முதல் லாட்ஜில் நுழையும் முன்பே மேனேஜர் கையை ஆட்டினார்: "எண்ணெயோட உள்ள வராதீங்க சார், தரையெல்லாம் வழுக்கும்." இரண்டாவது லாட்ஜில் கதவையே சாத்திவிட்டார்கள். சிவனே என்று திரும்பும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற சத்தம்.

வாட்டர் சர்வீஸ்! வேன் கழுவுகிற ஷெட்.

உள்ளே லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு அண்ணாச்சி, குழாய்த் துப்பாக்கியால் ஒரு வேனின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் வேனுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"எனக்கு அடிங்க."

ஏற இறங்கப் பார்த்தார். "வேனுக்கு அடிக்கத மனுசனுக்கு அடிச்சா தோலு உரிஞ்சிரும்வே."

"கொறைச்சு அடிங்க அண்ணாச்சி. எங்க அக்காவுக்கு மொத நாளு யாவாரம். நான் குளிச்சாத்தான் போணி."

அவர் துப்பாக்கியைக் கழற்றிப்போட்டு, வெறும் குழாயை என் தலையில் பிடித்தார். "ஷாம்பு வேணுமா? வேனுக்குப் போடுததுதான் இருக்கு." சீயக்காய்ப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினேன். ஐயோ, அந்தத் தண்ணீர்! ஐஸ் மாதிரி இருந்தது. நான் கத்திய கத்தலில் ரோட்டில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் எண்ணெய்த் தலைக்காரர்கள். ஒருத்தர் மெதுவாக உள்ளே வந்து எனக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தர். நான் தலை துவட்டும்போது வரிசை ரோட்டுக்குப் போய்விட்டது. பெண்கள் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த தொட்டிக்குப் போனார்கள். என் முதுகைத் தேய்த்த அந்த மனுஷனும் வரிசையில் நின்று, "அண்ணாச்சி, நல்லா ரோசனை பண்ணுனீங்க" என்றார். அவரை அங்கேயே பிடித்து நான்கு வார்த்தை கேட்டிருப்பேன், நேரமில்லை.

ஈரத் துண்டோடு ஓடி வண்டி முன்னால் போய் நின்றேன். அக்கா என் காதைப் பிடித்து இழுத்து, பின்பக்கம் விரலால் தேய்த்து மோந்து பார்த்தாள். பிறகு அடுப்பைக் கூட்டினாள்.

மிளகாய் மாவில் முங்கி எண்ணெயில் விழுந்த சத்தம் இருக்கிறதே, அதற்கு ஈடாக நான் எதையும் கேட்டதில்லை. நான்கைந்து பொங்கி மேலே வந்தன. வாழையிலைத் துண்டில் வைத்து, ஓரத்தில் சட்னியை ஊற்றி நீட்டினாள். ஊதக்கூட இல்லை, கடித்துவிட்டேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று மிளகாய், அதற்குள்ளே புளிப்பு, அதற்கும் பின்னால் மெல்ல ஏறுகிற காரம். வாய் வெந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, தலையிலிருந்து குளிர்ந்த நீர் இலையில் சொட்டியது. "அடி சக்கை!" என்று கத்தினேன். இரண்டாவதைச் சட்னியில் முக்கினேன். மூன்றாவது எப்போது போனது என்று தெரியாது. நான் தின்றதிலேயே அதுதான் தீனி, சத்தியமாகச் சொல்கிறேன்.

நான் நான்காவதைக் கையில் எடுக்கும்போது கூட்டம் வந்துவிட்டது. குளித்த பசி! "ஆச்சி இங்கன ரெண்டு", "அங்கன ஒரு வாழைக்கா", "சட்னி, சட்னி" என்று கை மேல் கை. அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. போட்டாள், திருப்பினாள், வடித்தாள், மறுபடி போட்டாள். எனக்கு இலை கிழிக்கிற வேலை.

சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னிடம் கேட்டாள்: "ஏலே, எப்படித் திங்காங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை பேர் எதிரே நின்று தின்கிறார்கள், அவள் ஒருத்தர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"கரண்டியைக் குடு" என்றேன்.

"கருக்கிப்புடுவ."

"கருக்குதேன். நீ போயி முன்னால நின்னு பாரு. போ!"

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றிப்போய்க் கூட்டத்துக்குள் நின்றாள். நான் போட்ட முதல் ஈடே கருகிவிட்டது. அதையும் வாங்கித் தின்றார்கள். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுகிறவரை, விரலை நக்குகிறவரை, அரை பஜ்ஜியை ஊதிப் பிள்ளை வாயில் வைக்கிற அம்மாவை.

பக்கத்தில் ஒரு வயசான அம்மா, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அக்கா போட்ட கடைசி ஈட்டில் வாங்கியதைத் தின்றுகொண்டிருந்தார். வாசுதேவநல்லூரிலிருந்து வந்தவர் என்று பிறகு பேச்சில் தெரிந்தது. அவர் வந்தபோது கூட்டம் மறைத்ததால், பஜ்ஜி போட்டது யார் என்று பார்க்கவில்லை. அக்காவின் வெறுங்கையைப் பார்த்தார்.

"ஏட்டி, எல்லாரும் திங்காங்க, நீ மட்டும் என்ன பாத்துக்கிட்டு நிக்க? இந்தா" என்று இலையிலிருந்து ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அக்கா கடித்தாள். மென்றாள். வழக்கம்போல முகத்தைச் சுளித்தாள். "உப்பு ஒரு கல்லு கம்மி."

அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்! "உப்பெல்லாம் கணக்காத்தான் இருக்கு. உன் வாய்லதான் கோளாறு. ஆக்குனவ காதுல விழுந்தா மனசு எம்புட்டுச் சங்கடப்படும்? பேசாமத் தின்னு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, கையில் இருந்ததைக் கடைசித் துணுக்கு வரைக்கும் தின்றாள். கண்ணிலிருந்து கொட்டியதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா பதறிப்போய், "என்னட்டி, ரொம்பக் காரமோ?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள் அக்கா. "காரந்தான்."