லிஸ்ப் வீட்டு மயில்கள்

மடித்த இடத்தில் கிழிந்துபோன அந்த நான்கு தாள்களை இன்றும் வைத்திருக்கிறேன். லிஸ்ப் என்னும் பழைய கணினி மொழியில் எழுதிய நிரல். எங்கு பார்த்தாலும் அடைப்புக்குறிகள். அரக்குநிறப் பென்சிலில் திறந்த குறி அரக்கில்தான் மூடும், மாம்பழ மஞ்சளில் திறந்தது மஞ்சளில்தான். தீட்டியவர், காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் எங்கள் அலுவலகத்து அக்கா. முந்தானையில் ஒன்பது மயில்களை வரிசையாக நிறுத்தும் அந்த நிரலை, எழுதியவர் வேலையை விட்டுப் போனபின் பழுது பார்த்து ஓட்டியவர் அவர்தான்.

பழைய கணினி ஒருநாள் படுத்துவிட்டது. புதியதில் அந்த லிஸ்ப் ஓடவில்லை. "வெள்ளிக்கெழமைக்குள்ள மயிலு வரலைன்னா ரெடிமேடு சாஃப்ட்வேர் வாங்கிடுவேன்பா. அப்புறம் அக்கா எதுக்கு?" என்றார் முதலாளி என்னிடம், அக்காவின் காதுபடவே.

நிரலைப் புதிய கணினிக்கு மாற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்ததோ குளோஜர். புத்தம்புது மொழி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தவன் நான். அக்காவின் தாள்களை விரித்தேன். அதே அடைப்புக்குறி! அதே போல முதலில் செயல், பிறகுதான் அது தொடும் பொருள்கள்! பட்டியலின் தலையை, அதாவது முதல் உருப்படியை, எடுக்கப் பழையதில் ‘கார்’, புதியதில் ‘ஃபர்ஸ்ட்’, பேர்தான் வேறு. "அக்கா, குளோஜருக்குப் பொறந்த வீடே லிஸ்ப்புக்கா! ஜாவாங்கற வேற மொழி வீட்டுல வாக்கப்பட்டிருக்குது, அவ்ளோதான்!" என்று கத்தினேன்.

"அப்போ அதுக்குன்னு ஒரு கொணம் இருக்கும். பாத்து நடந்துக்கோப்பா."

நான் எங்கே பார்த்தேன்? உறவு தெரிந்த வேகத்தில் வரிக்கு வரி மாற்றி எழுதி, வியாழன் மதியம் ஓட்டினேன். திரையில் ஒற்றை மயில். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "ஒண்ணு இல்லப்பா. ஒண்ணு மேல ஒண்ணா ஒம்போதும் ஒக்காந்துக்கினு இருக்குது!"

பழைய நிரலில் மயிலின் இடத்தை மாற்றினால் அது மாறிவிடும். குளோஜர் வைத்ததை மாற்றாது. புதிதாக ஓர் இடத்தைக் கையில் தரும். நான் அதை வாங்கிக்கொள்ளவே இல்லை; ஒன்பதும் முதல் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டன! சாடை ஒன்று, சுபாவம் வேறு. ஒரு மயில் தந்த புது இடத்தை அடுத்த மயிலிடம் கொடுக்கும்படி திருத்தினேன். அக்கா பென்சில் முனையால் திரையிலேயே குறிகளைச் சோடி சேர்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று… ஒன்பதும் வரிசையாக! வெள்ளிக்கிழமை முதலாளி தலையாட்டினார். அக்காவின் நாற்காலி அக்காவுக்கே நின்றது.

இப்போது என் திரையே குறிகளுக்கு நிறம் தீட்டிவிடுகிறது. ஆனாலும் பக்கத்தில் அந்தத் தாள்கள் இருந்தால்தான் எனக்குக் கை ஓடும். அக்கா ஐயம்பேட்டையில் சொந்தமாக டிசைன் கடை நடத்துகிறார். நேற்று ஒரு புது நிரல் முதல் ஓட்டத்திலேயே ஓடிவிட்டது. தலைகால் புரியாமல் அவருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். உடனே பதில் வந்தது:

"மொதல்ல மயிலு எழுந்து நவுந்துச்சா பாரு தம்பி."