பிஸ்கட் தட்டு விழுந்தபோது

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் விலா எலும்பு இரண்டு முறிந்தது நிஜம். மழை வந்தால் அந்த இடம் இன்றும் வலிக்கிறது.

ஆஸ்திரேலியாவில் கிப்ஸ்லாந்து மலையடிவாரத்தில் அந்தப் பழைய மரவீட்டை நானும் என் கணவன் டெஸ்ஸும் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அது நடந்ததற்கு மறுநாள் ஆன்சாக் தினம். போரில் செத்தவர்களுக்காக விடியற்காலையில் ஊரே நினைவுத் தூணின் முன் கூடும். அங்கே டீயோடு கொடுக்க பிஸ்கட் சுட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். முட்டை சேர்க்காத ஓட்ஸ் பிஸ்கட். வாரக்கணக்கில் கெடாது என்று அந்தக் காலத்துப் பெண்கள் போர்முனைக்குச் சுட்டு அனுப்பினார்களாம்.

சாயங்காலம் நாலு மணி. வெளியே வெயில்கூட இருந்தது.

"நோலீன், போன வருஷம் நீ சுட்டதைக் கடிச்சுத்தான் என் பல்லு போச்சு."

"உன் வயசுக்கு அது தானாவே விழும். பிஸ்கட் மேல பழி போடாத."

வெண்ணெயும் பாகும் உருகின. சோடா உப்பைப் போட்டதும் பொங்கியது. கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டினேன். டங்.

பக்கத்து அறையில் யாரோ வெடுக்கென்று மூச்சை இழுத்தார்கள்.

"காத்து," என்றான் டெஸ்.

இரண்டு தட்டுகளை ஓவனில் வைத்துக் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் வேகமாகச் சாத்திவிட்டேன். உடனே நடையில் பூட்ஸ் சத்தம். தட்... தட்... சமையலறை வாசலில் வந்து நின்றது. அங்கே ஆள் இல்லை. சூடான பாகு வாசனை போய், அழுகிய சேற்று நாற்றம் அடித்தது.

டெஸ் எழுந்து பார்த்தான். "யாரது?"

வீடு முழுக்கத் தேடிவிட்டு வந்தான். அதற்குள் மேல்தட்டு வெந்துவிட்டது. வெளியே எடுத்தேன். துணி நழுவி விரல் சுட்டது. விட்டுவிட்டேன்.

டமார்!

பிடரியில் ஒரு கை. அப்படியே என்னைத் தரையில் அறைந்தது. மூக்கு உடைந்து வாயெல்லாம் ரத்தம். முதுகின் மேல் ஒரு முழு ஆளின் கனம்... ஈரமான கம்பளித் துணி... காதருகே ஆணின் குரல்.

"படு! தலையைத் தூக்காத!"

டெஸ் இரும்பு வாணலியை எடுத்து என் முதுகுக்கு மேலே வெறுங்காற்றில் ஓங்கி அடித்தான். எதன் மீதோ பட்டது. அடுத்த நொடி சுவரில் போய் மோதி விழுந்தான். வாணலி தரையில் உருண்டு கணகணத்தது.

கனம் இரண்டு மடங்காகியது.

மளுக்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"டெஸ்... சத்தம்... போடாத..."

ஓவன் மேல் டைமர் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்த்தட்டுக்காக நான் வைத்தது. டிக்... டிக்... டெஸ்ஸும் அதைப் பார்த்தான்.

தவழ்ந்து போனான். எடுத்தான். வயிற்றோடு அழுத்தி அதன் மேலேயே குப்புறப் படுத்தான்.

டைமர் அடித்தது. முனகலாக.

முதுகில் இருந்தது அசைந்தது... காது கொடுத்துக் கேட்டது...

எனக்கு மூச்சு இல்லை.

மெல்ல... எழுந்தது.

பக்கத்துப் பண்ணைக்காரர் மெர்வ் எங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாங்கள் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ஏதாவது கீழ விழுந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

அவர்தான் சொன்னார். முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய ஆல்பர்ட் டிரான்டர் அந்த வீட்டில் இருந்தான். ஒருநாள் மனைவி ஈடி பிஸ்கட் சுடும்போது தட்டு விழுந்தது. குண்டு என்று நினைத்து அவளைக் கீழே தள்ளி மேலே படுத்துவிட்டான்.

"எங்க தாத்தா மறுநாள் பால் கொண்டு போனப்போதான் பாத்தாரு. அந்தப் பொண்ணு உடம்பு விறைச்சுப் போயிருந்துச்சு. இவன் அப்பவும் அவ மேலேயே கிடந்தான். தாத்தாவைப் பாத்து, 'மெதுவா வாங்க, இப்பத்தான் தூங்கினா'ன்னு சொன்னானாம்."