வடக்குச் சுவர்த் தகடு

எதிர்க் கட்டடத்தின் முகப்புக்குத் தகடு அடிக்கிறார்கள். காலையிலிருந்து ஓயாத சுத்தியல் சத்தம். "நம்ம வீட்டுக்கும் இப்படி அடிச்சா நல்லாருக்கும்லா?" என்கிறாள் அம்மா. இவளால் எப்படி இதைக் கேட்க முடிகிறது?

சின்ன வயதில் மழை வந்தால் எங்கள் வடக்குச் சுவர் ஊறி என் பாய் நனையும். ஒரு வருஷம் அப்பா வெளிப்பக்கம் தகடு அடித்தார். அதன்பிறகு சடசடவென்ற சத்தத்தைக் கேட்டபடி சுவரை ஒட்டியே தூங்குவேன்.

அப்பாவின் தோணியை ஓட்டிய தண்டல், அம்மாவின் தம்பி. அந்த வருஷம் தோணியின் அடிப்பாகத்துக்குப் புதுத் தகடு அடிக்கும்போது மாமா காய்ச்சலில் கிடந்தார். தகடு இல்லாவிட்டால் பலகையைக் கடல்புழு துளைத்துவிடும். "புதுசு அடிச்சாச்சு" என்றார் அப்பா. மாமா நம்பினார். சில மாதம் கழித்து நடுக்கடலில் தோணிக்குள் தண்ணீர் ஏறியது. இறைத்து இறைத்து ஆட்களோடு உயிர்தப்பி வந்தார்.

வந்தவரை நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். "மாமா, இப்ப நம்ம வீடு நனையாது, பாருங்க."

மாமா சுவரைத் தடவினார். தோணிக்கென்று கொழும்பில் அவரே பார்த்து வாங்கிய தகடு. அப்பாவிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"ஒனக்குத் தெரியுமாக்கா?"

அம்மா சோறு போட்டாள். மாமா சாப்பிடாமல் போனார். பிறகு வரவேயில்லை.

இன்று நானும் கேட்டேன். "உனக்குத் தெரியும்லாம்மா?"

அம்மா சன்னலைவிட்டுத் திரும்பவில்லை. "ஏளா, நீ நனையாமத் தூங்குனல்லா?"