போங்-யோ சித்தி திரும்பக் கேட்ட மருந்து

போன வியாழக்கிழமை போங்-யோ சித்தியைத் தகனம் செய்துவிட்டு வந்தோம். எழுபத்தாறு வயது. கடைசிப் பதின்மூன்று வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், துங்ஷியிலிருந்து ஜியாயி ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் வண்டியில் போய் வந்தார். எங்கள் கடற்கரையில் அந்த வண்டியில் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். வண்டிக்காரர் தெருத்தெருவாக நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வார். அதனால் சித்தியின் நோயில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அவர் எனக்கு ரத்த உறவு இல்லை. என் மாமியார் கிம்-தியாப்பும் அவரும் முப்பத்தெட்டு வருஷம் ஒரே தகரக் கொட்டகையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து சிப்பி உடைத்தவர்கள். நான் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தபோது மாமியாரை அத்தை என்றும் இவரைச் சித்தி என்றும் கூப்பிடச் சொன்னார்கள். அவர் வீட்டில் நான்காவது பெண். போங்-யோ என்றால், 'பிறந்ததுதான் பிறந்தது, வளர்த்து வைப்போம்' என்று அர்த்தம். அந்தக் காலத்தில் வேண்டாத பெண்ணுக்கு வைக்கிற பெயர். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. "எங்கப்பா சும்மா வளத்தாரு, நானும் சும்மா வளந்துட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சிப்பி உடைப்பது காலை மடக்கிக்கொண்டு செய்கிற வேலை. உள்ளங்கை உயரத்துக்கு ஒரு முக்காலி, காலடியில் எப்போதும் உப்புத் தண்ணீர், கையில் குட்டைக் கத்தி. நாற்பது வயதுக்குள் முட்டி வீங்கிவிடும். எழுந்து நிற்கும்போது கொட்டகை முழுக்க முனகல் கேட்கும். டாக்டர் கொடுக்கும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. கூ என்பவர் ஊருக்குள் மூலிகைக் கடை வைத்திருந்தார். அவர் வேர்களை இடித்துப் பொடியாக்கித் தேன் விட்டு உருட்டிக் கொடுத்த கறுப்பு உருண்டைதான் கேட்டது. இரண்டு வாரத்தில் நீர் வடிந்து முட்டி இளகும். சித்தி அதைப் பதினோரு வருஷம் சாப்பிட்டார்.

எங்கள் ஊரில் நல்லதை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்வது அசிங்கம். ஒரு கடையில் மீன் நன்றாக இருந்தால் தெருவுக்கே சொல்ல வேண்டும். ஒரு மருந்து வேலை செய்தால் நாலு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். சித்தி இதில் எல்லோரையும்விட ஒரு படி மேல். யாருக்கு வலது முட்டி, யாருக்கு இடது, யாருக்கு மழைக்காலத்தில் மட்டும் என்று மனப்பாடமாக வைத்திருப்பார். கூவின் கடைக்குப் போகும்போதெல்லாம் தெருவுக்கும் சேர்த்து வாங்கி வருவார். அத்தையின் கையில் முதல் உருண்டையை வைத்ததும் அவர்தான்.

சார்ஸ் காய்ச்சலுக்காக எல்லோரும் முகமூடி போட்டுத் திரிந்த வருஷம் அது. அந்த வருஷக் கடைசியில் அரசாங்கம் ஐந்து மூலிகைகளைத் தடை செய்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அதில் இரண்டு கூவின் உருண்டையில் இருந்தன. கொட்டகையில் ஒருவரும் நம்பவில்லை. பாட்டன் பூட்டன் சாப்பிட்டது, இத்தனை நாள் இல்லாத விஷம் இப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். மாத்திரை கம்பெனிக்காரன் வேலை என்றார்கள். நானும் நம்பவில்லை. தைனான் வரை போய்க் கல்லூரியில் படித்தவள், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிறவள், அதனால் தடையை நீக்கச் சொல்லி மனு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. 'உழைக்கும் பெண்களின் முட்டி வலியை அறியாத மேசைகளில் எழுதப்பட்ட உத்தரவு' என்று ஆரம்பித்தேன். எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாற்பத்தொரு பேர் கையெழுத்துக்குப் பதில் தங்கள் பெயர் முத்திரையைக் குத்தினார்கள். முதல் முத்திரை போங்-யோ சித்தியுடையது.

மனு போன அதே வாரம் சித்தி இன்னொன்றும் செய்தார். சோதனைக்கு ஆள் வருவதற்குள் கூவிடம் மிச்சமிருந்த உருண்டை அத்தனையையும் வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரர் முதலில் கொடுக்கப் பயந்தாராம். சித்தி கடை வாசலைவிட்டு நகரவில்லை. கொண்டுவந்ததைப் பொட்டலம் போட்டு இருபத்தாறு வீட்டுக்குக் கொடுத்தார். இனிமேல் கிடைக்காது, பார்த்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். அத்தைக்கு மட்டும் ஒரு பிஸ்கட் டின் நிறைய.

வசந்தம் வந்தபோது சித்தியின் கால் வீங்கியது. அவர் சிப்பிக் கொட்டகை வீக்கம் என்றே நினைத்தார். வீக்கம் முகத்துக்கு ஏறியதும் மகன் ஜியாயிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டாராம். சித்தி பையிலிருந்து உருண்டையை எடுத்துக் காட்டியிருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, இனி இயந்திரம்தான் என்றார் டாக்டர். சித்தி தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இதையே சாப்பிடுகிற மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். இப்போதே நிறுத்தினால் சிலருக்கு மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், ஒவ்வொருவரும் ரத்தப் பரிசோதனைக்கு வரட்டும் என்று பதில் வந்தது.

இதெல்லாம் பிறகு அவர் மகன் சொல்லித் தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது, சித்தி மகன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார் என்பது மட்டும்தான். வந்தவர் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். யாருக்கும் தெரியக்கூடாதென்று, தெருவில் வண்டி ஏறாமல் மகனோடு ஜியாயிக்குப் போய் வந்தார். நோயைச் சொன்னால், மருந்து கொடுத்தது யார் என்ற கேள்வி வரும். அந்தத் தெருவில் சித்திக்கு நிலம் இல்லை, படிப்பு இல்லை, புருஷனும் கடலோடு போய்விட்டார். அவரிடம் இருந்தது, போங்-யோ கொடுத்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்ற பேர் ஒன்றுதான். பேரைக் காப்பாற்றிக்கொண்டே பொட்டலங்களைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நினைத்தார்.

கொடுத்ததைத் திரும்பக் கேட்பது எங்களுக்குள் கிடையாது. கேட்டால் உறவு முறிந்தது என்று அர்த்தம். அதனால் சித்தி உடைத்த சிப்பியைப் பை பையாகக் கட்டி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். இதை வைத்துக்கொள், மருந்து மிச்சம் இருந்தால் கொடு, எனக்குத் தேவைப்படுகிறது என்றார். நாலைந்து வீட்டில் கொடுத்தார்கள். அதற்குள் பேச்சு பரவிவிட்டது. தடை வந்து மருந்து அரிதானதும் போங்-யோ எல்லாவற்றையும் சுருட்டுகிறாள், பதுக்கி வைத்து விற்கப் போகிறாள் என்றார்கள். தெருக் கடைசியில் இருந்த பிக்-லியான் கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லை.

"உன் சிப்பிய நீயே தின்னு. என் வீட்டுக்காரருக்கு இருக்கறதே பத்து நாளைக்குத்தான். அதையும் புடுங்க வந்துட்டியா?"

சித்தி சிப்பிப் பையை வாசலில் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் அந்தப் பை சித்தியின் வாசலில் கிடந்தது. பதுக்குகிறாள் என்ற பேச்சு வந்த பிறகு, கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட வேகமாகச் சாப்பிட்டுத் தீர்க்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் வீட்டுக்குக் கடைசியாகத்தான் வந்தார். அத்தை அடுப்படியில் மெல்லிய சேமியாவில் சிப்பி போட்ட கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். சித்தியின் பக்கம் திரும்பவில்லை.

"வா, கடைக்காரி. இன்னைக்கு எங்க வீட்டு முறையா?"

"அந்த டின்னக் குடுத்துரு, அக்கா."

"முப்பத்தெட்டு வருஷம் பக்கத்துல உக்காந்தேன். ஒரு நாளும் நீ குடுத்தத கணக்குப் பாத்ததில்ல. இப்ப கேக்குற. எடுத்துட்டுப் போ, ஆனா அதோட என் வாசப்படிய மிதிக்காத."

சித்தி இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். மணிக்கட்டுக்கு மேலே புதிதாகத் தைத்த தழும்பு, அதன் மேல் புடைத்த நரம்பு. அத்தையின் ஈரக் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். அத்தையின் முகம் மாறியதைப் பார்த்தேன். பிற்பாடு நானும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தோலுக்கு அடியில் ரத்தம் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும்.

"என்னடி இது, உள்ள கொரகொரங்குது?"

"மெஷினுக்கு நரம்ப இணைச்சு வச்சிருக்காங்க. ரெண்டும் போயிருச்சு. அந்த உருண்டைதான். டிவில சொன்னது நெசம்."

அத்தை கையை எடுக்கவில்லை. கஞ்சி அடிப்பிடித்து நாற்றம் வந்தது. நான்தான் போய் அடுப்பை அணைத்தேன்.

"இத முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் அத்தை.

"குடுத்தது நானில்லையா."

அத்தை உள்ளே போய் டின்னை எடுத்துவந்தார். பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் சித்தி தரையில் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பி, தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னார்.

"டீச்சர், மருந்து வேணும்னு நல்லா எழுதுனீங்க. இப்ப நான் சொல்றத எழுதுங்க. மாஜோ கோயில் செவுத்துல ஒட்டணும்."

நான் எழுதினேன். 'சில மூலிகைகளால் சிலருக்குப் பாதிப்பு ஏற்படக்கூடும் என்று தெரியவருவதால்' என்று ஆரம்பித்தேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டார். யார் அந்தச் சிலர் என்று கேட்டார். அடித்துவிட்டு, 'நம் தெருவில் ஒருவருக்கு' என்று மாற்றினேன். அதையும் அடிக்கச் சொன்னார். தன் பேரைப் போடச் சொன்னார். 'கூவின் கடையில் வாங்கிய' என்று நான் எழுதியதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கொடுக்க மாட்டேன் என்றுதான் சொன்னார், நான்தான் வாங்கிவந்தேன் என்றார். இப்படியே நான் சேர்த்த பூச்செல்லாம் உதிர்ந்து கடைசியில் நாலு வரி நின்றது. 'போங்-யோ எழுதுவது. முட்டி மருந்தை உங்கள் எல்லோருக்கும் கொடுத்தவள் நான். அதைச் சாப்பிட்டு என் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. இன்றே நிறுத்துங்கள், மிச்சத்தை என்னிடம் கொடுங்கள், ரத்தம் பார்க்க ஜியாயிக்குப் போங்கள்.' அடியில் முத்திரையைக் குத்தினார். மனுவில் குத்திய அதே முத்திரை. நான் தலை நிமிரவில்லை.

கடலுக்குப் போகிறவர்களைக் காக்கும் மாஜோ அம்மனின் கோயில் சுவரில் தாளை அவரே ஒட்டினார். தூபம் போட வந்தவர்கள் நின்று வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் வாசித்துச் சொன்னார்கள். சித்தி பக்கத்திலேயே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றார். தொட்டுப் பார்க்கிறேன் என்றவர்களுக்குக் கையை நீட்டினார். ஒருத்தி காறித் துப்பினாள். சித்தி காலை நகர்த்திக்கொண்டார், இடத்தைவிட்டு நகரவில்லை. மூன்று நாள் அப்படி நின்றார். நடுவில் ஒரு நாள் மட்டும் வண்டி ஏறிப் போய் வந்தார்.

பொட்டலங்கள் வந்தன. முகம் பார்க்க மனமில்லாதவர்கள் கொட்டகையில் அவருடைய முக்காலியின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். ரத்தம் பார்க்கப் போனதில் ஏழு பேருக்குக் கெட்டிருந்தது தெரிந்தது. அத்தைக்குச் சிறுநீரகம் பாதிக்கும் குறைவாக மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு அத்தை இன்றும் இயந்திரம் இல்லாமல் இருக்கிறார். முட்டிதான் போய்விட்டது. எத்தனையோ பேர் கொட்டகை வேலையை விட்டார்கள். அந்த மருந்து வலிக்குக் கேட்டது என்பது பொய் இல்லை. அதற்கு ஈடாக வேறொன்றை யாரும் எங்களுக்குக் கொண்டுவந்து கொடுக்கவுமில்லை. தடை சரிதான் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் அத்தை படியேறும்போது பல்லைக் கடிப்பதைப் பார்த்தால் அதைச் சத்தமாகச் சொல்ல வாய் வராது.

பிக்-லியானின் புருஷன் நிறுத்தவில்லை. பத்து நாளைக்கு இருந்ததையும் சாப்பிட்டு முடித்தார். சித்தி கோயிலில் சொன்னதை முதல் நாளே அவர் வாசலில் சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பாரா, நிறுத்தியிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வருஷம் சித்தியோடு அதே வண்டியில், அவருக்கு எதிர் இருக்கையில், ஒரு வார்த்தை பேசாமல் போய் வந்து இறந்தார். அந்தச் சாவுக்குச் சித்தி போனார். உள்ளே விடவில்லை. வாசலுக்கு வெளியே நின்று மூன்று முறை குனிந்து வணங்கிவிட்டு வந்தார். அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் பிக்-லியான் வந்தால் சித்தி எழுந்து இடம் விடுவார்; அவள் வேறு பக்கம் போய் உட்காருவாள்.

வியாழக்கிழமை தெருவில் அநேகமாக எல்லோரும் வந்தார்கள். அத்தையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். பிக்-லியான் வரவில்லை. அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே ஆள் இருக்கும் சத்தம் கேட்டது. போய்க் கூப்பிடட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன்.

"வேணாம். அவ கோவம் அவளுக்கு நியாயம். போங்-யோவே அதத்தான் சொல்லுவா" என்றார் அத்தை.

கதவைத் தாண்டிப் போகும்போது மேளக்காரர்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். சத்தமில்லாமல் அந்த வீட்டைக் கடந்தோம்.