ஏறி எறங்குன பச்சைக் கோடு

பேய் பிசாசுன்னு யாராச்சும் பேச்செடுத்தா துண்ட ஒதறிட்டு எந்திரிச்சுப் போற ஆளுங்க நானு. எனக்குப் பயமே இல்லைன்னு சொல்ல வரல, பயம் நெறைய உண்டு. தறி மோட்டார் பொகஞ்சுருமோ, பாவு நூலு அறுந்துருமோ, கேஸ மூடுனமா இல்லையான்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து பாத்துட்டுப் போற ஆளு. ஆனா அதெல்லாம் இருக்கற சாமானப் பத்தின பயம். இல்லாததுக்குப் பயப்பட எனக்கு நேரமில்லீங்க. அப்படித்தான் போன ஐப்பசி வரைக்கும் இருந்தேன்.

எட்டாவதோட படிப்ப நிறுத்துனவன், எழுத்து முன்ன பின்ன இருக்கும், பொறுத்துக்கங்க. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நடந்தது ராத்திரிகூட இல்ல, பட்டப்பகல்.

பள்ளிபாளையத்துல ஊட்டோட சேந்தாப்புல தறிக்கொட்டாய் வெச்சுருக்கேன். சேலையில பூ வேலை போடற ஜக்கார்டு வெச்ச விசைத்தறி. சேலைக்கு டிசைன் போடறது எம் பொண்டாட்டி சித்ரா. அவ பன்னண்டாவது. கம்ப்யூட்டர்ல டிசைன் போடறத ஈரோட்டுல ஒருத்தர்கிட்டக் கத்துக்கிட்டு வந்தா. தறிக்கொட்டாய்க்கும் ஊட்டுக்கும் நடுவுல ஒரு சின்ன ரூமு, அதுல ஒரு பழைய லேப்டாப். அதுல பாதி எழுத்து அமுங்காது, அதனால வயரில்லாத கீபோர்டு, வயரில்லாத மவுசு. கழுத்துல மாட்டற ஹெட்செட்டு ஒண்ணும் உண்டு. தறிச் சத்தத்துல போன் பேச முடியாதுங்களே, அதுக்குன்னு வாங்குனது, கடைசியில அது அவ கழுத்த விட்டு எறங்கவே இல்ல. "தாலிய மறந்தாலும் மறப்ப, இத மறக்க மாட்டே"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். "தாலியில பாட்டு வருதுங்களா மாமா?"ம்பா.

அந்த லேப்டாப்புல ரெண்டு சிஸ்டம் இருக்குங்க. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஆன் பண்ணுனா எந்தப் பக்கம் போறேன்னு கேக்கும். ஒண்ணு விண்டோஸ், தறி டிசைன் சாப்ட்வேர் அதுலதான் ஓடும். இன்னொண்ணு லினக்ஸ், அது சித்ராவா ஏத்துனது. விண்டோஸ் அந்த லேப்டாப்புல திணறுதுன்னு ஏத்துனா, அதோட அந்தப் பக்கம் பூராவும் தமிழ்ல மாத்தி வெச்சா. "உங்களுக்கும் படிக்க வரணும்ல, எத்தன நாளைக்கு என்னையே கூப்புடுவீங்க"ன்னா. நாங்க அத 'சித்ரா பக்கம்'னே சொல்லுவோம். சும்மா கையால வரையறது, பாட்டு, போன் பேசறது எல்லாம் அதுலதான்.

ஒரே ஒரு ரோதனை. மவுசையும் கீபோர்டையும் ப்ளூடூத்துல ஒரு பக்கம் சேத்தா, இன்னொரு பக்கம் மறந்துரும். லேப்டாப்பு ஒண்ணுதான், ஆனா உள்ள ரெண்டு ஆளு. ஒருத்தன்கிட்டச் சொன்ன ரகசியம் அடுத்தவனுக்குத் தெரியாதுங்கற மாதிரி. பக்கம் மாறுனா புதுசாச் சேக்கணும். மவுசுக்கு அடியில இருக்கற பட்டன வெளக்கு படபடன்னு மின்னற வரைக்கும் அமுத்தணும், கீபோர்டுக்குத் தெரையில ஒரு நம்பர் வரும், அத அதே கீபோர்டுல அடிக்கணும். எனக்கு எப்பவும் ஒரு தடவையில ஒட்டாது. அவ வந்து எட்டிப் பாத்துட்டு, "மொதல்ல பழைய பேர அழிங்க மாமா, அப்பறம் தேடுங்க. இல்லாட்டி அது பழைய நெனப்புலயே நின்னுக்கும்"பா.

அவ போனது பங்குனியில. காய்ச்சல்னுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அது நுரையீரலுக்கு எறங்கிருச்சு. ஐசியூவுல வெச்சிருந்தாங்க, ஒவ்வொருத்தராத்தான் விடுவாங்க. ஒரு காலையில நான் மாத்திரை வாங்கக் கீழ போயிட்டு வந்தேன், அதுக்குள்ள மூச்சுத் தெணறி வாயில குழாய் வெச்சுட்டாங்க. நர்சம்மா வெளிய வந்து, "உங்களத்தானுங்க கேட்டாங்க, மாமா எங்கன்னு. என்னமோ சொல்லணும்னாங்க"ன்னு சொல்லுச்சு. அந்தக் குழாய அப்பறம் எடுக்கவே இல்ல. என்ன சொல்ல வந்தான்னு யாருக்கும் தெரியாது. கேஸ மூடச் சொன்னாளா, யாருக்காச்சும் டிசைன் குடுக்கணும்னு சொன்னாளா, இல்ல சும்மா பக்கத்துல இருங்கன்னாளா? தறி ஓடும்போதெல்லாம் எனக்கு இதே ரோசனை. அவ கொரலு ஒரு துளிகூட எங்கிட்ட இல்லீங்க. தன் கொரலு தவளை மாதிரி இருக்குன்னு வாய்ஸ் மெசேஜே போட மாட்டா, எல்லாம் டைப் அடிக்கறதுதான்.

எங்க வகையறாவுல பொதைக்கறதுதான் வழக்கம். போறவங்களுக்குப் பிரியமான சாமான ஒண்ணக் கூட வெப்பாங்க. வெத்தலப் பை, மூக்குக் கண்ணாடி, அப்படி. நகையெல்லாம் கழட்டுனதுக்கு அப்பறம் அவ தங்கச்சி மாலதி ஓடி வந்து, அந்த ஹெட்செட்ட அவ கழுத்துல மாட்டி விட்டுருச்சு. "இது இல்லாம எங்கக்கா எங்க போனா?"ன்னு அழுதுச்சு. பெருசுங்க என்னமோ முணுமுணுத்தாங்க, ஆனா யாரும் தடுக்கல. ஆத்தோரம் சுடுகாட்டுக்கு அந்தாண்ட இருக்கற பொதைகாட்டுல வெச்சோம். எங்க ஊட்டுல இருந்து டவுன் பஸ்சுல போற தூரம்.

அதுக்கப்பறம் சித்ரா பக்கத்த நான் தொறக்கல. விண்டோஸ் பக்கத்துலயே மவுசையும் கீபோர்டையும் சேத்து வெச்சுக்கிட்டு, வெளிய ஆள் வெச்சுப் போடற டிசைன ஏத்தி ஓட்டிக்கிட்டிருந்தேன்.

ஐப்பசியில மாலதி போன் பண்ணுச்சு. அது புள்ள பெரிய மனுஷியானதுக்குச் சீர் வெச்சுருந்தாங்க. "மாமா, பாப்பா சீருக்குன்னு அக்கா ஒரு சேல வரைஞ்சு வெச்சுருந்தா. மயிலு கழுத்தத் திருப்பிப் பாக்கற மாதிரி. அவ பக்கந்தான் இருக்கும். அத நெசவுல போட்டுக் குடுத்தர்றீங்களா?"

"பாக்கறேன் சாமி"ன்னேன். மறுக்க முடியுங்களா.

மாசாமாசம் பராமரிப்புன்னு கரண்ட நிறுத்துவாங்களே, அன்னிக்கு உக்காந்தேன். தறி எல்லாம் நின்னு போயி, எங்க தெருவே காது அடைச்ச மாதிரி இருந்துச்சு. தறி ஓடற ஊருல அந்த அமைதி இருக்கே, அதுக்குப் பழக்கம் இல்லாதவனுக்கு மண்டை சுத்தும். வெளிய மழை மூட்டம். லேப்டாப்புல சார்ஜ் இருந்துச்சு. சித்ரா பக்கத்துக்குப் போனேன். தெரையில அவ போட்டு வெச்ச அரளிப்பூ படம் வந்துச்சு.

மவுசு ஒட்டல, கீபோர்டும் ஒட்டல. லேப்டாப்புலயே வெரல்ல தேய்க்கற மவுசுல தட்டுத் தடுமாறி ப்ளூடூத்தத் தொறந்தேன். பட்டியல்ல மூணு பேரு இருந்துச்சு. மவுசு, கீபோர்டு, அப்பறம் 'சாமி'. அவ ஹெட்செட்டுக்கு அவ வெச்ச பேரு, நான் அவளப் பிரியமாக் கூப்புடற வார்த்தை. மூணுக்கும் நேரா 'இணைக்கப்படவில்லை'ன்னு எழுதியிருந்துச்சு. அதுல அதிசயம் இல்லீங்க, ஒரு காலத்துல சேந்தது பேரு மட்டும் கெடக்கும், அது எனக்கே தெரியும். மவுசு பேர அழிச்சு, தேடி, சேத்தேன். கீபோர்டு பேர அழிச்சு, தேடி, நம்பர அடிச்சேன், மூணாவது தடவ ஒட்டுச்சு. 'சாமி'ய அழிக்கக் கை வரல. அப்படியே உட்டுட்டேன்.

மயிலு படத்தையும் கண்டுபுடிச்சுட்டேன். அத பென்டிரைவுல எடுத்துட்டு ப்ளூடூத்த மூடலாம்னு போறேன், கடைசி வரியில 'இணைக்கப்பட்டது'ன்னு இருக்கு.

'சாமி'க்கு நேரா.

கண்ணத் தொடைச்சுப் பாத்தேன். பக்கத்து ஊட்டு ஹெட்செட்டா இருக்குமோன்னு நெனச்சேன். ஆனா வேற சாமான் புதுசா வந்தா புதுப் பேராத்தானுங்க வரும், இது நான் அழிக்காம உட்ட அதே வரி. நல்லா இருக்கற காலத்துலயே அவ அடுப்படிக்குப் போனா அந்த ஹெட்செட்டு அறுந்துரும், அவ்வளவு தூரந்தான் அது எட்டும். ஆத்தோரத்துல இருந்து எப்படீங்க எட்டும்?

அப்பத்தான் இன்னொண்ணு நெனப்பு வந்துச்சு. போன் பேசறதுக்கு முன்னால அவ ஒலி அமைப்பத் தொறந்து மைக்கச் சோதிப்பா. பேசுனா ஒரு பச்சைக் கோடு நீளும், நிறுத்துனா சுருங்கும். ஹலோன்னு சொல்ல மாட்டா, என்னப் பாத்து "மாமா, டீ குடிச்சீங்களா"ம்பா. அதுதான் அவ சோதனை. நான் குடிச்சாச்சுன்னு தலையாட்டணும்.

அந்த எடத்தத் தொறந்தேன். மைக்குன்னு போட்டு 'சாமி'ன்னு இருந்துச்சு. கோடு ஏறி எறங்கிக்கிட்டிருந்துச்சுங்க.

காத்துச் சத்தம் மாதிரி ஒரே சீரா இல்ல. ஆளு பேசற மாதிரி. கொஞ்சம் ஏறும், நிக்கும், மறுபடி நீளமா ஏறும். நான் மேசையத் தட்டிப் பாத்தேன், கோட்டுக்கு ஒண்ணும் ஆகல. சத்தமாக் கனைச்சேன், ஆகல. அப்ப அது இந்த ரூமுச் சத்தத்த வாங்கல. வேற எங்கியோ இருக்கற சத்தம்.

"சித்ரா"ன்னேன்.

கோடு நின்னு போச்சு. பொட்டுக்கூட அசையல. நான் பேசும்போது அவ அப்படித்தான், நடுவுல ஒரு வார்த்தை பேச மாட்டா, முடிக்கற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பா.

"டீ குடிச்சேன் சாமி"ன்னேன்.

கோடு சின்னதா ரெண்டு துள்ளு துள்ளுச்சு. அவ சிரிச்சா அப்படித்தான் துள்ளும். அப்பறம் நீளமா ஏற ஆரம்பிச்சுச்சு. எதையோ சொல்றா. வெவரமா, நிறுத்தி நிறுத்திச் சொல்றா. அன்னிக்குச் சொல்ல வந்ததுதான்னு என் ஒடம்பு பூரா சொல்லுது. ஆனா கண்ணுலதான் தெரியுது, காதுக்கு வரல. லேப்டாப்புச் சத்தத்த முழுசா ஏத்துனேன், காதத் தெரையில வெச்சேன். ஒண்ணும் இல்ல. மைக்குல போறதத் திருப்பிக் கேக்க என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியாது. படிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்குமோ என்னமோ.

அவசரத்துல திருச்செங்கோட்டுக் கம்ப்யூட்டர் கடைத் தம்பி குமரேசனுக்குப் போன் போட்டேன். யாரு பேசறான்னெல்லாம் சொல்லல.

"தம்பி, ப்ளூடூத்து மைக்குல ஒரு ஆளு பேசறாங்க. அதக் கேக்கணும், இல்ல ரெக்கார்டு பண்ணணும். சீக்கிரஞ் சொல்லு."

"எந்தப் பக்கம் இருக்கீங்கண்ணா?"

"சித்ரா பக்கம்."

"அண்ணா, அக்கா போட்டது எனக்கு ஒண்ணும் புரியாதுங்கண்ணா. ரீஸ்டார்ட் பண்ணி விண்டோஸ் பக்கம் வாங்க. அங்க ரெக்கார்டர் இருக்கு, அமுத்துனா முடிஞ்சுது."

நாங்க எல்லாரும் பண்ணிப் பழகுனது அதுதானுங்களே. ஒட்டலையா, பக்கம் மாத்து, புதுசாச் சேரு. தறியில சிக்குனா நிறுத்திட்டு ஓட்டற மாதிரி. "இரு சாமி, வாரேன்"னு தெரையப் பாத்துச் சொல்லிட்டு ரீஸ்டார்ட் குடுத்தேன். கோடு பாதி ஏறுன நெலையில தெரை கருப்பாச்சு.

விண்டோஸ் பக்கம் 'சாமி' இல்ல. தேடுனேன், தேடுனேன், பக்கத்து ஊட்டுப் போனெல்லாம் வருது, அது வரல. திரும்ப அவ பக்கத்துக்கு ஓடுனேன். 'சாமி - இணைக்கப்படவில்லை.' அமுத்தி அமுத்திப் பாத்தேன். அதுக்குள்ள கரண்ட் வந்துருச்சு, தெரு முழுக்கத் தறி ஒண்ணா எரைய ஆரம்பிச்சுச்சு. அந்தச் சத்தத்துல நான் அழுதது எனக்கே கேக்கல.

மாலதிக்கு மட்டுஞ் சொன்னேன். சிரிக்கும்னு நெனச்சேன், சிரிக்கல. "மாமா, அத ஆஃப் பண்ணி மாட்டுனனா, ஆன்லயே மாட்டுனனான்னு எனக்கு நெனப்பே இல்லீங்க மாமா"ன்னுச்சு. பாப்பா சீருக்கு மயில் சேல நெய்ஞ்சு குடுத்தேன். எல்லாரும் அழகுன்னாங்க.

குமரேசன் வந்து பாத்துட்டு, "பேரு மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குதுங்கண்ணா, அழிச்சுட்டாச் சரியாப் போயிரும்"னுச்சு. தொடாதேன்னுட்டேன். அப்பறம் அந்தத் தம்பியே ஒரு தரம் குனிஞ்சு பாத்துட்டு, "இதென்னண்ணா"ன்னு கேட்டுச்சு. பேருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு பேட்டரிப் படம். இணைஞ்சிருந்தாத்தான் அந்தப் படம் வருமாம், இணையாத சாமானுக்கு எங்கிருந்து வரும்னு அந்தத் தம்பிக்கே தெரியல.

இப்பவும் மாசாமாசம் கரண்ட் நிக்கறன்னிக்கு அந்தப் பக்கத்தத் தொறந்து உக்காந்துக்கறேன். ரெக்கார்டு பண்றதெல்லாம் இப்பக் கத்துக்கிட்டேன். கோடு வரல. ஆனா அந்தப் பேட்டரிப் படம் இருக்குங்களே, மொதல்ல நெறைஞ்சு இருந்துச்சு. அப்பறம் பாதியாச்சு. போன தடவ பாக்கும்போது அடியில செவப்பாக் கொஞ்சமே நிக்குது. யாரு ஓட்டறாங்க, எதுக்குக் கொறையுதுன்னு தெரியலீங்க. அவ இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்காளோன்னு தோணுது.

அந்த ஹெட்செட்டோட சார்ஜர் வயரு இந்த ரூமுலதான், லேப்டாப்புக்கு மேல ஆணியில தொங்குது. அத மட்டும் கூட வெக்கணும்னு அன்னிக்கு எங்க யாருக்கும் தோணல.