கத்திபோல் தீட்டிய ஸ்கேட்

போன கிழமை மொன்றியலின் வில்லரே பகுதியில் திறப்பு வெட்டும் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். வீட்டுக் கதவின் திறப்பை மூன்றாவது தடவையாகத் தொலைத்திருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. கடைக்காரர் இயந்திரத்தைப் போட்டார். சின்னச் சக்கரம் கீச்சென்று சுற்றியது, பொறி பறந்தது, சூடேறிய இரும்பின் மணம் மூக்கில் ஏறியது. உடனே எனக்குக் கால் இரண்டும் குளிர்ந்துவிட்டன. வெளியே ஜூன் மாத வெயில் அடிக்கிறது, நான் செருப்போடு நிற்கிறேன். ஆனாலும் குளிர்ந்தது. அந்த மணமும் குளிர்ந்த காலும் என் உடம்புக்குள் எப்போதோ ஒன்றாகக் கட்டப்பட்டுவிட்டன.

கட்டியவர் றெஜான். இந்த நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆண்கள் ஐஸ் ஹொக்கி அணியின் சாமான்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். அவருக்குக் கீழே நான் சில வருடங்கள் வேலை செய்தேன். பல்கலைக்கழகத்தில் வேலை செய்தேன் என்று சொன்னால் ஊரில் இருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனால் என்ன வேலை என்று அவர்கள் கேட்பதற்கு முன் பேச்சை மாற்றிவிடுவேன்.

அதற்கு முந்தைய கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு லொட்ஜ், பாங்கொக்கில் எட்டு மாதம், பிறகு பாரிஸில் உணவகக் குசினிகள். கோப்பை கழுவினேன், வெங்காயம் உரித்தேன், கடைசியில் கத்தி தீட்டுவதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தேன். எந்த இடத்திலும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. ஏதாவது பிசகினால் கோட்டை மாட்டிக்கொண்டு பின்கதவால் போய்விடுவேன். சண்டை கிடையாது, விளக்கம் கிடையாது. பாரிஸில் மூன்று முதலாளிமார் நான் குப்பை கொட்டப் போயிருக்கிறேன் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

மொன்றியலுக்கு வந்து லாசாலில் ஓர் அறையில் நான்கு பேராக இருந்தோம். ஒருவர் புரண்டால் மற்ற மூன்று பேரும் புரளவேண்டும். அந்த நான்கில் ஒருவர் தவம் அண்ணை. பல்கலைக்கழக ஐஸ் அரங்கில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கத்தினார்.

"டேய் தம்பி, சோலி ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். ஏதோ தீட்டுற வேலையாம். உனக்குத்தான் கத்தி தீட்டத் தெரியுமே?"

"ஓம். என்னத்தைத் தீட்டுறது?"

"அவங்கள் காலிலை போட்டுக்கொண்டு ஓடுற சாமான்தான். இரும்பு இரும்புதானே."

அண்ணையின் இந்தக் கடைசி வசனத்தை நம்பித்தான் நான் போனேன்.

றெஜான் பேசியது கியூபெக் பிரெஞ்சு. என் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. இருந்தாலும் நினைத்துப் பார்க்கும்போது அவர் என்னோடு யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

"உனக்கு ஹொக்கி தெரியுமோ?"

"இல்லை."

"ஐஸிலை ஓடுவியோ?"

"இல்லை."

"அப்ப என்னதான் தெரியும்?"

"கத்தி தீட்டுவன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு மாசம் பாப்பம். சரி வந்தால் நிரந்தரம். இல்லாட்டி போ."

நிரந்தரம் என்ற சொல் அதுவரை எனக்குத் தேவைப்பட்டதில்லை. அப்போது தேவைப்பட்டது. வில்லரேயில் ஒரு மேல்மாடியில் சின்ன அறை ஒன்று பார்த்து வைத்திருந்தேன். தெருவைப் பார்த்த ஜன்னல், தனிக் குளியலறை. நிரந்தர வேலை என்று ஒரு கடிதம் கொண்டு வந்தால் சாவி தருவதாக வீட்டுக்கார அம்மா சொல்லியிருந்தார். முப்பத்துநாலு வயதில் முதன்முறையாகத் தனியாகப் புரண்டு படுக்க ஆசைப்பட்டேன்.

ஹொக்கிக்காரர்களின் உடைமாற்றும் அறையில் ஒரு மணம் உண்டு. ஈரத் தோல், பழைய வியர்வை, காய்ந்தும் காயாத கையுறை எல்லாம் சேர்ந்த மணம். முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. பாங்கொக்கில் நான் இருந்த அறையோடு ஒப்பிட்டால் அது பூக்கடை. சட்டை தோய்ப்பது, தடிகளுக்கு நாடா சுற்றுவது, ஈரச் சப்பாத்துகளைக் காயவைப்பது எல்லாம் என் வேலை. ஸ்கேட்டின் அலகைத் தீட்டுவது மட்டும் றெஜானின் வேலை. இயந்திரத்துக்கு முன்னால் எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டே நிற்பார். தொழில் களவு போய்விடும் என்று பயம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பொறியும் மணமும்தான். சீமெந்துத் தரையின் குளிர் காலால் ஏறும், நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உடைமாற்றும் அறையிலிருந்து ஐஸுக்குப் போகும் நடையில் இரண்டு பக்கமும் படங்கள். அணியின் வரலாறு முழுக்க அந்தச் சுவரில் இருந்தது. முதல் படத்தில் இருப்பவர்களுக்குக் கம்பளிச் சட்டை, முறுக்கிய மீசை, தலையில் ஒன்றும் கிடையாது. விளையாட்டுக்காரர் ஒவ்வொருவரும் ஐஸுக்குப் போகும்போது அந்த முதல் படத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார்கள். கண்ணாடி ஓர் இடத்தில் தேய்ந்து மங்கிப் போயிருந்தது.

அந்த வரலாற்றை ஒரு ஆண்டுவிழாப் புத்தகத்துக்காக எழுதிக்கொண்டிருந்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? சென்னைப் பெடியன் கார்த்திக். கணினி படிக்க வந்தவன், பகுதிநேர வேலைக்குக் கிடைத்தது இது. அரங்குக்குள் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு, பழைய குறிப்பேடுகளை மடியில் வைத்து, விரல் விறைக்க விறைக்கத் தட்டெழுதுவான்.

"அண்ணா, இந்தப் படத்த பாருங்க. ஒம்பது பேர்தான் இருக்காங்க. மத்தவங்கள்லாம் போருக்குப் போயிட்டாங்களாம்."

நான் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூட உதைபந்தாட்டக் குழுவும் ஒரு வருடம் அப்படித்தான் ஒன்பதாகிப் பிறகு ஆறாகியது. யாரும் படம் எடுக்கவில்லை. "ஒன்பது பேரை வைச்சும் விளையாடியிருக்கிறாங்கள் பார்," என்று மட்டும் சொன்னேன்.

"விளையாடி செம அடி வாங்கிருக்காங்க அண்ணா. ஸ்கோர் என்கிட்ட இருக்கு."

அது பெரிய தொழில்முறை அணிகள் எல்லாம் சம்பளத் தகராறில் ஒரு பருவம் முழுக்க விளையாடாமல் இருந்த குளிர்காலம். ஹொக்கி இல்லாத மொன்றியல் மழை இல்லாத தோட்டக்காரனைப் போல அந்தரப்பட்டுத் திரிந்தது. கடைசியில் சனம் பல்கலைக்கழக ஆட்டங்களுக்கு வரத் தொடங்கியது. வழக்கமாகத் தாய்தகப்பனும் காதலிகளும் மட்டும் குந்தியிருக்கும் வாங்குகள் நிறைந்தன. அதிலும் இதே நகரத்தின் மற்றப் பல்கலைக்கழகத்தோடு நடக்கும் ஆட்டம் என்றால் கேட்கவேண்டாம். பரம்பரைப் பகை. எங்களவர்கள் அவர்களை வென்று கனகாலம்.

அந்த ஆட்டம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. என் ஒரு மாதமும் அன்றோடு முடிந்தது. ஆட்டம் முடிந்ததும் முடிவு சொல்வதாக றெஜான் சொல்லியிருந்தார்.

ஆட்டத்துக்கு முன் கோல்காரனின் காற்காப்புப் பட்டி அறுந்துவிட்டது என்று யாரோ ஓடி வந்தார்கள். றெஜான் அப்போதுதான் கப்டன் மத்தியூவின் ஸ்கேட் இரண்டையும் இயந்திரத்தால் எடுத்திருந்தார். "கல்லாலை ரெண்டு தரம் தடவிப்போட்டுக் குடு," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நான் கல்லை எடுத்தேன். பழக்க தோசம், முதலில் பெருவிரலால் கூர் பார்த்தேன். திடுக்கிட்டுப் போனேன். கூரே இல்லை. அலகின் நடுவில் நெடுக ஒரு வாய்க்கால் ஓடுகிறது, இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. எந்தக் குசினியில் இப்படி ஒரு கத்தியைக் கொடுத்தாலும் தலைமைச் சமையற்காரர் என் தலையில் எறிவார். பாவம் மனுசன், கண் மங்கிவிட்டது, வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அவருடைய மானத்தைக் காப்பாற்றுவது என் கடமை என்றும் நினைத்தேன். மூலையில் சாதாரணச் சாணைச் சக்கரம் ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் சரித்துப் பிடித்து வாய்க்காலைத் தேய்த்து எடுத்தேன். பிறகு கல்லில் போட்டுப் பாரிஸில் மீன் வெட்டும் கத்திக்குக் கொடுக்கும் கூரைக் கொடுத்தேன். கடதாசியைப் பிடித்துப் பார்த்தேன், சத்தமில்லாமல் வெட்டியது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை அதற்கு முன் செய்ததில்லை. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஹொக்கி தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த வாய்க்கால்தான் ஸ்கேட்டின் உயிர். இரண்டு விளிம்பு இருப்பதால்தான் திரும்பலாம், நிற்கலாம். ஒற்றைக் கூர் என்றால் ஐஸுக்குள் இறங்கி நேரே போகும், அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கும் ஓட்டத்துக்குப் புறப்பட்ட மத்தியூ முதல் படத்தைத் தட்டினான், சனம் கைதட்டியது, ஐஸில் கால் வைத்தான். நேரே போனான். அரங்கின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு மில்லிமீற்றர் விலகாமல் போய் எதிர்ப்பக்கப் பலகையில் மோதி விழுந்தான். எழும்பினான், திரும்ப முயன்றான், மறுபடி விழுந்தான். எதிரணி தடியால் ஐஸைத் தட்டிச் சிரித்தது.

எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வில்லரே ஜன்னல் சாத்தப்படுவது தெரிந்தது. கோட்டை மாட்டிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு பின்கதவுக்குப் போனேன். அங்கே தவம் அண்ணை கூட்டும் தும்புத்தடியோடு நின்றார்.

"எங்கையடா போறாய்?"

"போறன் அண்ணை."

"குசினியிலை செய்யிற வேலையை இஞ்சையும் செய்யப் போறியோ? அங்கை வாறான் பார், அவனுக்குச் சொல்லிப்போட்டுப் போ."

மத்தியூ காலுறையோடு நடைவழியால் வந்துகொண்டிருந்தான், ஸ்கேட் இரண்டும் கையில். ஆறடி மூன்று அங்குலம், முன்பல் ஒன்று இல்லை. அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"ஏய் ஷெஃப், எங்கை போறாய்? இதாலை வெங்காயம் வெட்டலாம்!"

றெஜான் சிரிக்கவில்லை. அலகைத் தடவிப் பார்த்துவிட்டுத் தேவாலயத்துப் பாத்திரபண்டங்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னார். கியூபெக்கில் தூசணம் அப்படித்தான் இருக்கும். பிறகு இயந்திரத்தைப் போட்டுவிட்டு, அந்த ஒரு மாதத்தில் முதன்முறையாக விலகி நின்றார்.

"இஞ்சை வா. நீ பிடி."

"நானோ?"

"கெடுத்தவன் நீ. நீதான் பிடிக்கவேணும்."

கோட்டோடே நின்று பிடித்தேன். அவர் என் முழங்கையில் இரண்டு விரலை வைத்துத் தள்ளினார், இழுத்தார். "அமத்தாதை. தடவு. பூனையைத் தடவுற மாதிரி." வெளியே ஐஸை மினுக்கும் வண்டி சுற்றிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அது சுற்றி முடிக்கும் வரைக்கும்தான் நேரம். என் அழகான கூர் பொறிப்பொறியாகப் பறந்து போனது. மெல்ல மெல்ல வாய்க்கால் பிறந்தது. அலகு உயரம் குறைந்துவிட்டது, மத்தியூ ஒரு நூல் குள்ளமானான். வண்டி உள்ளே வரும்போது அவன் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு வென்றோம். மத்தியூ இரண்டு கோல் போட்டான். கார்த்திக் வரலாற்றை மறந்து இரண்டு சுவெட்டரையும் கழற்றி எறிந்தான்.

திங்கட்கிழமை றெஜான் ஒரு கடிதத்தை நீட்டினார். முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை. "நான் உன்னை அனுப்பத்தான் இருந்தன். கப்டன் விடமாட்டன் எண்டுறான்."

காரணம் என் திறமை இல்லை. ஹொக்கிக்காரர்களுக்குச் சாத்திரம் பார்ப்பதில் எங்கள் ஆட்கள் கிட்டவும் நிற்கமுடியாது. வென்ற நாளில் என்ன நடந்ததோ அது அடுத்த ஆட்டத்திலும் அப்படியே நடக்கவேண்டும். ஆகவே அந்தப் பருவம் முடியும்வரை ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் மத்தியூ நேரே போய்ப் பலகையில் மோதி விழுந்தான். நான் கோட்டை மாட்டிப் பின்கதவுக்குப் போனேன். தவம் அண்ணை தும்புத்தடியோடு "எங்கையடா போறாய்?" என்று கேட்டார். காய்ச்சலோடு வந்தும் கேட்டார். மத்தியூ காலுறையோடு வந்து "ஏய் ஷெஃப்!" என்று கூப்பிட்டான். ஒரு தடவை தோற்றபோது விசாரணை நடந்தது. நான் கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டவில்லை என்று முடிவானது.

கார்த்திக் அதைப் புத்தகத்தில் எழுதலாமா என்று கேட்டான். "எழுதாதை, பலன் போயிடும்," என்றார் தவம் அண்ணை. அவன் எழுதவில்லை. அதனால் அந்த அணியின் வரலாற்றில் இது இல்லை.

வில்லரே அறைக்குப் போனேன். முதல் இரவு இரண்டு பக்கமும் புரண்டு பார்த்தேன். ஐந்து குளிர்காலம் அந்த வேலையில் நின்றேன். மத்தியூ படித்து முடித்து எங்கோ வடக்கே வாத்தியாராகப் போனான். கார்த்திக் கலிபோர்னியாவுக்கு, அண்ணை மகளோடு ரொறொன்ரோவுக்கு. பிறகு ஒரு வசந்தத்தில் பல்கலைக்கழகம் அணியை நிறுத்துவதாக அறிவித்தது. செலவு, முன்னுரிமை என்று இரண்டு பக்க அறிக்கை. படங்களைப் பெட்டியில் போட்டு ஒரு களஞ்சிய அறைக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அந்த அரங்கு இருந்த இடத்தில் மாடி மாடியாகக் கார்கள் நிற்கின்றன.

ஒவ்வொரு சித்திரையிலும் குளிரூட்டியை நிறுத்தி ஐஸை உருக விடுவது வழக்கம். அந்த வருடமும் நிறுத்தினார்கள். வெள்ளைக்குள் புதைந்திருந்த சிவப்புக் கோடும் நீலக் கோடும் முதலில் மங்கின, பிறகு அகன்றன, பிறகு ஒன்றுக்குள் ஒன்று ஓடின. முழு அரங்கும் வெளிறிய ஊதாத் தண்ணீராகியது. எனக்கு லாசாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது, அடுத்த நாளே வரச் சொல்லியிருந்தார்கள்.

"நீ போ," என்றார் றெஜான். "இதை நான் பாக்கிறன்."

"இல்லை. முடிச்சிட்டுப் போறன்."

அவர் சுவரில் சாய்த்திருந்த இரண்டாவது றப்பர்த் தடியை எடுத்து என்னிடம் தந்தார். நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தத் தண்ணீரை வடிகானுக்குத் தள்ளினோம். மூன்று நாள் எடுத்தது.